காளப்பட்டி, மூன்றாம் காலாண்டு

ராத்திரி பத்துக்குள் சென்னைக்கு அனுப்பவேண்டும்.
மாதிரி வில்லாவின் சாப்பாட்டு மேசையில்
பிளாஸ்டிக் மாதுளைகளைத் தள்ளிவிட்டு
மடிக்கணினியை வைத்திருக்கிறேன்.

மொத்த வீடுகள்: ஐம்பத்திரண்டு. விற்றவை: நாற்பத்தெட்டு.
சராசரி விலை: மூன்று கோடியே பத்து லட்சம்,
போன காலாண்டைவிட ஒன்பது சதவீதம் கூடுதல்.
வாங்குவோர் மனநிலை என்றும் ஒரு கட்டம் இருக்கிறது.
இருநூறு எழுத்துக்கு மேல் அது வாங்காது.

போன வருஷம் நீச்சல் குளம் கேட்டார்கள்.
இந்த வருஷம் லிஃப்ட். முட்டிகளுக்கு வயதாகிவிட்டது.
சமையலறை இரண்டு வேண்டும்: ஒன்று காட்ட, ஒன்று தாளிக்க.
மயில் வருமா என்று கேட்கிறார்கள்,
வந்தால் கத்துகிறது என்று புகார் எழுதுகிறார்கள்.
விமான நிலையம் பத்தே நிமிஷம்,
சத்தம் மட்டும் உடனே.
வடகிழக்கு மூலையில் கழிப்பறை இருந்ததால்
ஓர் இதய மருத்துவர் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.
பம்ப்செட் கம்பெனிக்காரர் ஒருவர்
தண்ணி சிறுவாணியா பில்லூரா என்றார்.
பில்லூருங்க என்றேன்.
ஒரு மடக்குக் குடித்துப் பார்த்து
சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைத்தார்.
ஜன்னல் இல்லாத அறை கேட்டவரிடம்
எதற்கென்று நான் கேட்கவில்லை.
கேட்காததற்கும் சேர்த்துத்தான் கமிஷன்.

தெய்வசிகாமணி, திருப்பூர், பனியன் ஏற்றுமதி.
முதல் முறை வந்தபோது
ஹாலில் ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு
அது போகிற போக்கைப் பார்த்தார்.
அடுத்த முறை இன்ஜினியரோடு.
அதற்கடுத்த முறை ஆடிட்டரோடு;
செக்கில் எவ்வளவு என்பதை மட்டும் சத்தமாகப் பேசினார்.
நான்காம் முறை மனைவி மரகதமும் வந்தார்.
எல்லாக் குழாய்களையும் திறந்து மூடினார்.
பால்கனியில் நின்று கேட்டார்:
"அக்கம்பக்கத்துல ஆருங்க இருக்கறாங்க?"

நாற்பத்தெட்டில் ஆள் இருப்பது பதினொன்றில்.
வலப்பக்கம் நியூஜெர்சி. இடப்பக்கம் துபாய்.
எதிர்வீடு ஒரு முதலீடு,
இருட்டில் உட்கார்ந்து விலை ஏறிக்கொண்டிருக்கிறது.
"நல்ல குடும்பங்கம்மா, ரொம்ப அமைதியானவங்க" என்றேன்.
பொய்யில்லை. அவ்வளவு அமைதியானவர்கள்
கோயமுத்தூர் ஜில்லாவிலேயே கிடையாது.
கணபதியில் என் வாடகை வீட்டில்
பக்கத்துச் சுவர் இருமினால் நான் மாத்திரை தேடுவேன்.

மணி ஆறரை.
காவலறையில் பிஸ்வஜித் சுவிட்சைத் தட்ட,
ஆளில்லாத முப்பத்தேழு வாசல்களிலும்
ஒரே நொடியில் விளக்கு.
கம்பெனி உத்தரவு. கரண்ட் பில் விளம்பரக் கணக்கில்.
மரகதம் அம்மா விளக்குகளைப் பார்த்தார்,
பிறகு என்னை.
"எல்லாரும் ஒரே நேரத்துக்கு
ஊடு வந்து சேர்ந்துட்டாங்களாட்ட இருக்குது."
அவர் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணியில் பால் காய்ச்சினார்கள்.
ரெண்டு பஸ் நிறைய ஒறம்பரை வந்து
பொழுதோட ரெண்டு பஸ்ஸும் திரும்பிவிட்டன.
அவர் காலை ஆறுக்குத் திருப்பூர் போனால்
வர ராத்திரி பதினொன்று.

இதை அடித்துக்கொண்டிருக்கையில் போன்.
"ஏனுங்க அம்மிணி,
இருபத்தி மூணுல மூணு நாளா லைட் எரியலீங்களே,
ஆருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?"
சிரிக்கிறாரா என்று உற்றுக் கேட்டேன்.
ஃபேன் சத்தம்தான் கேட்டது.
"பார்க்கறேங்கம்மா."

ஸ்டோரில் ஒன்பது வாட் பல்பு ஒன்று இருந்தது.
பிஸ்வஜித் ஏணியைப் பிடித்துக்கொள்ள
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு
விற்பனை மேலாளராகிய நானே ஏறினேன்.
எரிந்தது.
அந்தப் பால்கனியில் ஒரு கை உயர்ந்தது.
எனக்கா, இருபத்தி மூன்றுக்கா தெரியவில்லை.
இரண்டு பேருக்குமாக நான் கையசைத்தேன்.

ஒன்பது ஐம்பது.
வாங்குவோர் மனநிலை: உறுதி.
இன்னும் நூற்றுத் தொண்ணூற்றேழு எழுத்துக்கு
இடம் இருக்கிறது.