ஒன்பதாம் மாடி வாசிப்பு

இந்த ஞாயிறு வாசிப்பு என் முறை.
போதகர் தம்புதுரை பென்சிலால் கோடு கிழித்திருந்தார்:
இதோடு நிறுத்துங்கள், பிள்ளைகள் இருப்பார்கள்.

கோட்டுக்குக் கீழேதான் எல்லாம் இருக்கிறது.
கிழவன் ஒருவன் வழிப்போக்கனுக்குக் கதவு திறப்பதும்
ஊர் திரண்டு அதே கதவை இடிப்பதும்
உள்ளே இருந்தவன் தன்னோடு வந்தவளை
வெளியே தள்ளித் தாழ் போடுவதும்.
விடியும்போது அவள் கை நிலைப்படியில் கிடக்கிறது.
கழுதைகளுக்குத் தீனி போட்டதைக்கூட எழுதி வைத்தவர்கள்
அவள் பெயரை எழுதவில்லை.

ராஜா இல்லாத காலம் என்று காரணம் சொல்கிறது புத்தகம்.
எங்கள் செந்தூல் பிளாட்டில் சங்கம் உண்டு, தலைவர் உண்டு,
காவல் கொட்டகையும் உண்டு.
லிப்ட் பொத்தான்களை யாரோ கழற்றிப்போய் மூன்று வாரம்.
மோட்டார் திருட வந்த பையனை
விளக்குக் கம்பத்தில் கட்டிப் படம் பிடித்தார்கள்.
நானும் எட்டிப் பார்த்தேன்.

செவ்வாய் இரவு
சாப்பாட்டு மேசையில் உரக்க வாசித்துப் பழகினேன்.
பென்யமீனியர் என்ற சொல் எனக்கு எப்போதும் இடறும்.
மூன்றாம் தடவை சரியாக வந்தபோது
கிரில் கதவில் ஏதோ உரசியது.
தட்டல் இல்லை,
தட்டத் தெம்பில்லாத கை.

ரெஜினா டிவியை அணைத்தாள்.
நான் விளக்கை அணைத்தேன்.
பதினொன்றாம் மாடிப் பெண்ணாக இருக்கும்.
புருஷன் பெண்டாட்டி விவகாரம்.
போலீஸ், சாட்சி, கோர்ட்டு.
எனக்குக் காலை ஆறுக்கு ஷிப்ட்.
ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் பட்டது
என் கண்ணுக்கு.
இருட்டில் விரல் மட்டும் இன்னும் அந்த வரியில் இருந்தது.

பிறகு எதிர்வீட்டுத் தாழ்ப்பாள்.

பர்மா மலைப்பக்கத்திலிருந்து வந்த சுய் பார்
கோழிச்சோற்றுக் கடையில் தட்டுக் கழுவுகிறாள்.
கையில் இருப்பது ஓர் அகதி அட்டை,
அதற்கும் தேதி முடிந்துவிட்டது.
போலீஸ் என்ற சொல்லுக்கு இந்த மாடியில்
ஓடி ஒளிய வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

கதவு ஓட்டையில் கண்ணை வைத்தேன்.
தோளில் கிடந்த பாத்திக் துணியை விரித்து
அவளை முழுக்க மூடினாள்.
முதுகில் ஏற்றிக்கொண்டாள்.
ஒன்பது மாடி.
செருப்புச் சத்தத்தை எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் தாளை நீட்டி
என்ன உறவு என்று கேட்டார்களாம்.
கெலுவார்கா என்றாளாம். குடும்பம்.
அதுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.
மூன்று நாள் அந்த நாற்காலியை விட்டு அசையவில்லை;
மூன்று நாள் கூலியைக் கடைக்காரன் பிடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை புத்தகத்தைத் திறந்தேன்.
கொலையும் பழியும் முடிகிற பக்கத்தைப் புரட்டினால்
அங்கே வாற்கோதுமை அறுப்பு.
மோவாபிலிருந்து வந்த விதவை ஒருத்தி
தன்னைத் திரும்பிப் போகச் சொன்ன மாமியாருக்காகக்
குனிந்து கதிர் பொறுக்குகிறாள்.
நிலைப்படியில் கிடந்தவள் பிறந்தது பெத்லகேம்.
இவள் வந்து சேர்ந்ததும் பெத்லகேம்.
அதே நாட்கள்தான்.
நடுவில் ஒரு வெற்றுத்தாள்கூட இல்லை.

எழுந்து போய் அளந்து பார்த்தேன்.
என் கதவிலிருந்து சுய் பார் கதவுக்கு
நான்கு எட்டு.

ஞாயிறு, பென்சில் கோட்டைத் தாண்டி வாசித்தேன்.
நிலைப்படி வந்ததும் குரல் நின்றுவிட்டது.
யாரோ இருமினார்கள். போதகர் பாட்டு எண்ணைச் சொன்னார்.

வீடு திரும்பியபோது வராந்தாக் கொடியில்
பாத்திக் துணி காய்ந்துகொண்டிருந்தது, கறை போகாமல்.
ஐந்து கிலோ அரிசிப் பையோடு
அந்த வாசலில் நின்றேன், என்ன சொல்வதென்று தெரியாமல்.
உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தவள்
வீங்கிய கண்ணை நிமிர்த்திக் கேட்டாள்:

அன்னிக்கு உங்களுக்குக் கேட்டுச்சா அண்ணே?

கேட்டது என்றேன்.

சுய் பார் பையை வாங்கி வைத்தாள்.
கதவைச் சாத்தவில்லை.