தலைக்கட்டு வரி

நூற்றி நாற்பது தலைக்கட்டு. தலைக்கு முன்னூறு.
பொருளாதாரம் படித்தவள் என்பதால்
கணக்கு நோட்டை என் தலையில் கட்டினார்கள்.

கூத்துக்கு முப்பத்திரண்டாயிரம்,
மைக் செட்டும் லைட்டும் எட்டு,
மீந்தால் டீ, வெற்றிலை.
பதினேழு வீட்டில் கதவு திறந்தது, கை திறக்கவில்லை.

பெல் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்ந்த தணிகாசலம்
கேட்டுக்கு உள்ளேயே நின்று கேட்டார்:
"நான் கூத்தே பாக்கறதில்ல.
பாக்காததுக்கு இன்னாத்துக்குத் துட்டு?"

நியாயமான கேள்விதான்.
முதலாண்டு, இரண்டாம் அலகு: பொதுப் பண்டம்.
நான் பார்ப்பதால் உன் பங்கு குறையாது.
காசு தராதவன் காதை யாரும் பொத்தவும் முடியாது.
ஐந்து மதிப்பெண். எடுத்துக்காட்டு எழுதச் சொன்னால்
கலங்கரை விளக்கம் என்று எழுதுவார்கள்
கடலே பாராத பிள்ளைகள்.

ஆடி மூன்றாம் வெள்ளி, பத்தரைக்கு மத்தளம்.
திமிரி ரோடு வரைக்கும் பாய்.
மறுநாள் தோல் ஷெட்டுக்கு வரமாட்டேன் என்று
சொல்லிவிட்டு வந்தவர்கள் முன்வரிசையில்.
அவர்கள் தந்தது முன்னூறு அல்ல,
முன்னூறும் ஒரு நாள் கூலியும்.
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

அந்த ஷெட்டில் புது டிரம் வந்தபிறகு
நாற்பது பேர் வேலையை ஆறு பேர் செய்கிறார்கள்.
ராஜ வேஷம் செத்து விழ மட்டும்
அன்றைக்கும் இரண்டு மணி நேரம்
இன்றைக்கும் இரண்டு மணி நேரம்.
கத்தியைக் கண்டதும் பொத்தென்று சாய்ந்தால்
ஊர் அடிக்க வரும்.
"போன வருஷம் இருபத்தெட்டுதானே, அதே கூத்துதானே"
என்றது கமிட்டி.
அதே கூத்து என்பதால்தான் என்றேன்.
புரியவில்லை. எனக்கே எம்.ஏ.வில்தான் புரிந்தது.

ஒன்றரை மணிக்குத் திரையை ஒதுக்கி வந்த கட்டியங்காரன்
ராஜாவின் கஜானா காலி என்றான்.
ஏனாம், என்றது பின்பாட்டு.
"வரி தராம மாடியில நின்னு பாக்கறவங்க பதினேழு பேரு!
அதோ, தண்ணி டேங்க் பக்கம் ஒருத்தர், போர்வையோட.
போர்வைக்கும் பென்ஷன் வருதாம்!"

ஊரே திரும்பியது. டார்ச் அடித்தார்கள்.
முதலில் சிரித்தது தணிகாசலத்தின் மருமகள்.
பெயரை நான் சொல்லவில்லை.
நோட்டு திறந்து கிடந்தது, அவ்வளவுதான்.

போர்வையோடு இறங்கி வந்தார்.
சண்டைதான் என்று நினைத்தேன்.
ஐந்நூற்றி ஒன்றை அவன் சட்டையில் குத்திவிட்டுக்
காதில் என்னவோ சொன்னார்.
"ஐயா இன்னொரு வாட்டித் திட்டச் சொல்றாரு!"

குத்திய காசு ஆடினவனுக்கு. அது வழக்கம்.
ஊர்க் கணக்கில் மூவாயிரத்து நூறு
அப்படியே துண்டு.

விடிந்தது. தோளில் கிடந்த துண்டால்
அரிதாரத்தைத் துடைத்தபடி வாத்தியார் சொன்னார்:
"இருக்கட்டும்மா. அடுத்த ஆடிக்குச் சேத்துக் குடுங்க."
வேனில் உட்கார்ந்தபடியே தூங்குகிற பதினான்கு பேர்
எங்கள் ஊருக்கு
வட்டியில்லாக் கடன் கொடுத்துவிட்டுப் போனார்கள்.
ரசீதில் அவர் கட்டைவிரல் சிவப்பு.

ஒன்பதரை. வேலூர். முதல் வகுப்பு.
பலகையில் இரண்டு கோடு கிழித்தேன்,
ஒன்று ஏற, ஒன்று இறங்க.
சந்திக்கிற புள்ளியில் சாக்பீஸ் உடைந்தது.
"டிக்கெட் போட்டிருக்கலாமே மிஸ்?" தில்ஷாத் கேட்டாள்.
ஊரைச் சுற்றித் தட்டி கட்ட
நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கடைசி பெஞ்சில் தணிகாசலத்தின் பேரன்
கன்னத்தில் பேனா மூடி அழுந்தத் தூங்குகிறான்.
பதிவேட்டில் அவன் எண்ணுக்கு வந்து நின்றேன்.
கேட்காத பாடத்துக்கு இன்னாத்துக்கு
வருகை?

போட்டேன்.