ஆறங்குலக் குழாய்

சாட்ஸ்வர்த்தில் மழை விட்ட மூன்றாம் நாள்
நகராட்சியிலிருந்து ஒரு பையன் படிவத்தோடு வந்தான்.
‘சரிவுக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம்,
அதில் விரல் நீளத்துக்கு வெற்றிடம்.

எனக்கு விரல் நீளம் எப்போதுமே போதாது.
என்னிடம் இருந்தது நூற்றறுபது வருடக் காரணம்.

கப்பலில்தான் தொடங்குவேன்.
கரும்பு, கங்காணி,
கேட்டோ மேனரில் அப்பா போட்ட பூக்கோசுப் பாத்தி,
அதன் மேலே ஏறிப்போன சட்டம்,
யாருக்கும் வேண்டாத இந்த மேட்டில்
எங்களைத் தட்டுமுட்டோடு இறக்கிவிட்ட லாரி.
முருகனை மோர்கன் என்று எழுதிய குமாஸ்தாவைக் கூட
விட்டதில்லை.
அப்புறம் சட்டை ஆலை மூடியது,
தம்பி கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏமாற்றியது,
பெர்த்துக்குப் போன மகள் போனை எடுக்காதது.

பொய் ஒன்றுகூட இல்லை இதில்.
அதுதான் வசதி.
பொய்க்குப் பின்னால் ஒளிந்தால் கால் தெரியும்.
உண்மைக்குப் பின்னால்
ஒரு ஆள் குடும்பமே நடத்தலாம்.

கீழ்வீட்டு லோகி படையாச்சியின் சமையலறைக்குள்
என் தோட்டம் கிடந்தது.
கறிவேப்பிலை மரம் நின்றபடியே போய்
அவள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது.
டீப் ஃப்ரீசரில் ஒரு கல்யாணத்துக்கான சமோசா,
எண்பது டஜன்,
எல்லாம் சேற்றோடு சேறு.
அவள் வலது கால் மாவுக்கட்டில்.

பையன் கேட்கவில்லை, அவனே எழுதினான்:
பெருமழை.
கீழே கையெழுத்துப் போடச் சொன்னான்.

பேனா என் கையில் இருந்தது.
கராஜ் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

நாலு வருடம் முன்பு, வாடகைக்கு விடலாமென்று
கராஜை அறையாக நீட்டியபோது
கொத்தனார் ஜபுலானி மண்வெட்டியை நிறுத்திக் கேட்டான்,
‘அங்கிள், இந்தக் குழாய் எங்கே போகிறது?’
மேட்டுத் தண்ணீரெல்லாம் இறங்கும் குழாய்.
திருப்பிவிட இரண்டாயிரம் ராண்ட்.
‘மூடு’ என்றேன்.
ஒரு சொல்.
கப்பலில் யாரும் சொல்லித்தரவில்லை அதை.

‘கொஞ்சம் இரு’ என்றேன் பையனிடம்.
அவன் வேறொரு படிவம் எடுத்தான்.
அது நீளமானது.
அதற்குப் பிறகு காப்பீட்டுக்காரர் என்னிடம்
மரியாதையாகத்தான் பேசினார்,
ஒரு சென்ட்டும் தரவில்லை.

லோகியிடம் சொல்லப் படியிறங்கும்போது
மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன்;
அதிலும் பாதியில் அப்பாவும் பூக்கோசும் வந்துவிட்டார்கள்.
வெட்கமாக இருந்தது.

அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை.
‘தெரியும்’ என்றாள்.
‘ரெண்டு வருஷமா என் பின்சுவர் வேர்த்துச்சு.
மேலே ஏறி வந்து சொன்னேன்.
நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?’

இருந்தது.
நம்மவர்களுக்கென்று கட்டிய வீடு
இப்படித்தான் இருக்கும் என்றேன்.
டீ போட்டுக் கொடுத்து,
லாரிக் கதையை முழுசாகச் சொல்லி அனுப்பினேன்.
நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு
படுத்தேன் அன்றைக்கு.

வாடகைக்காரன் காலி செய்த சனிக்கிழமை
கடப்பாரையோடு கராஜுக்குள் போனேன்.
அறுபத்தி மூன்று வயதில் கான்கிரீட்
லேசில் விடுவதில்லை.
மத்தியானத்துக்கு மேல்
குழாயின் வாய் தெரிந்தது,
நான் திணித்த சிமென்ட் மூட்டைக் காகிதத்தோடு.
கை விட்டு இழுத்தேன்.
பழுப்புத் தண்ணீர் முழங்கை வரை வந்து
அதன் பாட்டுக்குப் போயிற்று.

கப்பல் வந்தது, வந்ததுதான்.
லாரி கொட்டியது, கொட்டியதுதான்.
அவர்கள் கணக்கை நான் கிழிக்கவில்லை.
அதில் என் கடனை எழுதுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன்.
சில நாள் நாக்கு பழைய வழியில் போகத்தான் பார்க்கிறது.

மாதம் முதல் தேதி
ஆயிரத்து இருநூறு ராண்ட் கொண்டுபோகிறேன்.
லோகி சிரிப்பதில்லை.
நோட்டுகளை எண்ணுகிறாள்,
மறுபடியும் எண்ணுகிறாள்.
வாசலிலேயே நிற்கிறேன்,
எண்ணி முடியும் வரை.