சிவப்பு நூல்

ஓன்னோ,
வியாழக்கிழமை சூப்புக்கு
நீ அறுத்துப் போன பன்னிரண்டு ப்ரோக்கோலியில்
ஒன்று
மூன்றாம் பாத்தி, நாற்பத்தொன்றாம் செடி.

கோபமில்லை.
இருந்தது. வெள்ளி இரவுவரை இருந்தது.

உன் சமையல் தோட்டத்தில் சிவப்பு நூல் என்றால்
‘பக்குவம், பறிக்கலாம்.’
என் வயலில் சிவப்பு நூல் என்றால்
‘கை வைக்காதே.’
ஏழு வருடமாக ஒரே வேலிக்கு இரு புறமும்
ஒரே நூற்கண்டை வெட்டிப் பகிர்ந்திருக்கிறோம்,
ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை.

மே மாதம் அறுநூறு நாற்று நட்டேன்.
அதற்குப் பிறகு என் வேலை
ஒன்றும் செய்யாமல் இருப்பது.
தண்ணீர் விடவில்லை. உரமூட்டை பிரிக்கவில்லை.
வெள்ளை வண்ணத்துப்பூச்சி முட்டையிட வந்தபோது
கையை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன்.
ஜூலையில் எம்ஸ் ஆற்றுப் பக்கமிருந்து
மூன்று வாரம் வறட்டுக் காற்று.
கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் இப்படி ஒரு ஜூலை!
துவண்டவை துவண்டன.
அவசரப்பட்டவை மஞ்சளாய்ப் பூத்துத் தொலைத்தன.
நாற்பத்தொன்று மட்டும்
யாரிடமோ வீம்பு பிடித்ததுபோல்
தலையை இறுக்கிக்கொண்டு நின்றது.

கம்பெனி விதையில் வருவதைப் பார்த்திருப்பாய்:
ஒரே உயரம், ஒரே முகம்,
எல்லாமே அறுவடைக்கு வருவது ஒரே செவ்வாய்க்கிழமை.
அதன் பிள்ளைகள் அதைப்போல் இருக்காது;
மறு வருடமும் கடைக்குத்தான் போகவேண்டும்.
என்னுடையவை கல்யாண வீட்டுப் புகைப்படம்:
ஒன்று கூன், ஒன்று நெட்டை,
மூக்கு மட்டும் ஒன்று.

நல்லதைத் தின்னக்கூடாது,
இந்தத் தொழிலின் சாபம் அது.
சுமாரானதைத் தின்போம்.
சிறந்ததைப் பூக்கவிடுவோம்.
ஏழு தலைமுறையாக எதைத் தேடுகிறேனோ
அதன் ருசி எனக்குத் தெரியாது.

அதனால்தான் சனிக்கிழமை
மேசை மேசையாகப் போய்க் கேட்டேன்.
டிராக்டர் ஹில்கோ: ‘சூடாக இருந்தது.’
கணக்கெழுதும் வீப்கே: ‘உப்பு கம்மி.’
நீ: ‘எல்லாத்தையும் சேர்த்துத்தானே அரைச்சேன்.’

இன்று காலை குனிந்து பார்த்தேன்.
அறுத்த இடம் தக்கையாய்க் காய்ந்திருக்கிறது.
சாய்த்து அறுத்திருக்கிறாய்; பனிநீர் தங்கவில்லை.
நல்ல கத்தி.
அதற்குக் கீழே இலை இடுக்குகளில்
பட்டாணி அளவில் ஐந்து மொட்டு.

தலை போனால் தோளில் பூக்கும் ஜாதி.
எனக்கே மறந்துபோயிற்று.

தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது இது.
இருபத்தாறையும் நூற்றெட்டையும்
கூடவே பெயர்த்துக் குடிலுக்குள் வைத்து,
வலை கட்டி, உள்ளே ஈக்களை விடவேண்டும்.
தேறினால் ஒரு பிடி விதை.
தேறாமலும் போகலாம், பனி முந்திக்கொண்டால்.

விதைக்கு நாலு மொட்டு போதும்.
ஐந்தாவது விரல் நீளம் ஆனதும்
நானே கிள்ளி எடுத்து வருகிறேன்.
தனியாக வேகவை.
உப்பு வேண்டாம்.
முள்கரண்டி
இரண்டு எடுத்து வை.