பின்னேரம் திரும்பி வரும்

முலூஸில், கட்டில் மெத்தைக் கடைக்கு மேல்மாடியில்,
மணிக்கு முப்பத்தெட்டு யூரோவுக்கு ஒரு கரோக்கே அறை.
நாலாய்ப் பிரித்தால் பெரிய காசில்லை என்று
லூனிஸ்தான் கணக்குச் சொன்னான்.
நதேஜிடம் இரண்டு மூக்குக்கண்ணாடி:
ஒன்று திரைக்கு, ஒன்று பாட்டுப் பட்டியலுக்கு.
யசோதரன் முழங்காலை நீட்டி வைக்க
இன்னொரு கதிரை கேட்டு வாங்கினான்.

எல்லோருக்கும் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது.
பாட வந்ததோ
ஜப்பான் கார்ட்டூன்களின் பழைய முகப்புப் பாட்டுகள்.
அனிமே என்ற சொல் அப்ப எங்களிடம் இல்லை.
வால்வெள்ளியில் தொலைந்த தகப்பனைத் தேடும் சிறுமி,
தோற்ற பிறகும் பந்தைக் கீழே வைக்காத பொடியன்,
பிரெஞ்சு பேசும் இரும்பு மனிதன்.

புதன்கிழமையில் பள்ளிக்கூடம் இல்லை.
எண்பத்தெட்டு ஐப்பசி, எனக்கு ஒன்பது வயது,
வந்து பதினொரு நாள்.
யார் மணி அடித்தாலும் கதவைத் திறக்காதே,
அடுப்பைத் தொடாதே,
ரீவியை வேண்டுமானால் பார்.
அம்மா கந்தோர்களின் தரை துடைக்கப் போவா.

எனக்கு வாய்த்த முதல் பிரெஞ்சு வாக்கியம்
ஆசிரியை சொல்லித் தந்ததல்ல.
அந்தச் சிறுமியின் பாட்டில், மூன்றாம் வரி.
கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில்
தமிழில் எழுதி வைத்தேன்:
லெஸ்வார் ரெவியந்த்ரா.
மூக்கால் வரும் ஒலிகளுக்கு எழுத்தில்லாமல்
பென்சிலால் சும்மா சுழித்து விட்டேன்.

தை மாதம் அர்த்தம் விளங்கியது.
பின்னேரம் திரும்பி வரும்.
வந்தது. தினமும் வந்தது.
ஆறரைக்குப் படியில் காலடி,
கைகளில் குளோரின் மணம்,
பையில் பாதி விலைப் பாண்.
பாட்டு பொய் சொல்லவில்லை.

இன்றைக்குத் திரையில் சொற்கள்
ஒவ்வொன்றாக நீலமாகிக்கொண்டு போக,
நான் சத்தமாய் என் பின்னேரத்தைப் பாட,
நீலமானது வேறொரு சொல்.
லெஸ்ப்வார்.
நம்பிக்கை திரும்பி வரும்.

புள்ளி வைத்த ஒரு ப்.
முப்பத்தேழு வருசமாய் அதை விட்டுவிட்டுப் பாடியிருக்கிறேன்,
சமைக்கும்போது, பேறுகால அறையில்,
டயலிசிஸ் வார்டில் படுக்கை விரிப்பு மாற்றும்போதெல்லாம்.

மைக்கைக் கீழே வைத்துச் சொன்னேன்.
யசோதரன் மேசையில் அடித்துச் சிரித்தான்.
நதேஜ் பிறந்ததே இந்த ஊரில்:
"நான் சொற்களைக் கேட்டதே இல்லை,
அந்த அறையில்தான் ஹீட்டர் இருந்தது."
லூனிஸ் ஒன்றும் சொல்லாமல்
உப்புக்கடலையை என் பக்கம் தள்ளினான்.

அவன் இரவில் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவன்.
காதில் எந்நேரமும் புதுப் பாட்டுகள்,
போன வருசத்தவை, ஜப்பானிய மொழியிலேயே.
ஒன்றைப் போட்டான். எழும்பி நின்றோம்.
அம்மாடி, என்ன வேகம்!
இரண்டாம் வரியில் யசோதரனுக்கு மூச்சு முட்டியது,
நதேஜ் தவறான கண்ணாடியைப் போட்டிருந்தாள்,
நான் லா லா என்று ஒப்பேற்றினேன்.
ஆனால் பல்லவிக்கு முன்னால் ஓரிடத்தில்
மத்தளம் எல்லாம் நின்று
அந்தப் பெண் குரல் மட்டும் தனியே ஏறுகிறது.
அதில் என்ன சொல்கிறாள்?
லூனிஸுக்கும் தெரியாது.
அறிய விருப்பமில்லை என்றான்.

இன்னும் இரண்டு நிமிடம் என்று
வாசல் பொடியன் கதவில் தட்டினான்.
கட்டணத்தை நாலாய்ப் பிரித்ததில்
யாரோ ஒரு யூரோ கூடக் கொடுத்துவிட்டார்கள்.

ட்ராமில் இருக்கை கிடைத்தது.
காதில் அதே பாட்டு, அதே இடம், ஏழாம் தடவை.
மருந்துக்கடைப் பையின் பின்புறத்தில்
தமிழில் எழுதிப் பார்த்தேன்.
கா, மி, நோ, தெ, ரு.
பிரெஞ்சு ஒருநாளும் இப்படி உட்கார்ந்ததில்லை.
உயிர்மெய் உயிர்மெய்யாய் வந்து
பெரும்பாலும் தன் தன் இடத்தில் இருந்தது.
ழகரத்துக்கு மட்டும் வேலையில்லை.

எங்கேயாவது ஒரு ப் விடுபட்டிருக்கும்.
திருத்தவில்லை.
பையை மடித்து
மாத்திரைகளோடு உள்ளே வைத்தேன்.