கட்டாயத் தகவல், பக்கம் நான்கு

ஆனி மாதம் முழுக்க எனக்கு இதுதான் வேலை.
கல்லூரி சொல்லியே ஆகவேண்டியதை எல்லாம்
தட்டச்சு செய்ய வேண்டும்.
கட்டணம், குடிநீர் சோதித்த தேதி,
ராகிங் தடுப்புக் குழுவின் செல்போன் எண்
(அடித்துப் பார்த்தேன், ஒரு மாவு மில்காரர் எடுத்தார்).
நூலகப் புத்தகம் பதினாலாயிரத்து அறுநூறு.
அதில் ஒரே புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பிரதி.
இயந்திரவியல் துறையின் ஆறாவது பேராசிரியர்
தோஹாவில் இருக்கிறார். பட்டியலிலும் இருக்கிறார்.

ஜன்னலுக்கு வெளியே ஆலங்குளத்துக் காற்றாலைகள்.
இருபது நின்றுபோனால்
ரோட்டில் போகிறவனுக்கே தெரியும்.

பக்கம் நான்கு. வேலை பெற்றோர்
தொண்ணூற்று மூன்று விழுக்காடு.

பொட்டல்புதூரிலிருந்து வந்திருந்தார் சைத்தூன் பீவி.
மகள் ரிஸ்வானா வழவழத்த கையேட்டைப் புரட்ட,
அந்த எண்ணின்மேல் ஒரு விரலை வைத்தார்.
பீடி சுற்றி ரேகை அழிந்த விரல்.

"நூத்துக்குத் தொண்ணூத்தி மூணு சரி.
மொத்தம் எத்தனை பேரும்மா?"

மூன்று வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை.

"கட்டுக்கு இருவத்தஞ்சுன்னா இருவத்தஞ்சு இருக்கணும்.
ஒண்ணு குறைஞ்சாலும் கடைக்காரன்
கட்டையே தூக்கிப் போட்டுருவாம்லா. அதான் கேக்கேன்."

ஐம்பத்தெட்டுப் பேர், என்றேன்.
அதில் ஐம்பத்து நாலு.

"அவியல்லாம் இப்ப எங்கன இருக்காவ?"

முதல்வர் அறைக் கதவு சாத்தியிருந்தது.
பதினேழு பேருக்குச் சென்னையிலிருந்து கடிதம் வந்தது.
கடிதம் மட்டும் வந்தது.
ஒன்பது பேர் திருப்பூருக்கு அவர்களாகவே பஸ் ஏறினார்கள்.
சுரண்டை மாசானமுத்து டிராக்டர் ஷோரூமில் நிற்கிறான்,
அவன் உண்மையிலேயே நன்றாக இருக்கிறான்.
பதினொரு பேர் இங்கேயே.
ஆய்வகச் சாவி, பஸ் கட்டணம், விடுதிக் கணக்கு.

"நீங்க?"

பதினொன்றில் ஒன்று நான். பேச்சித்தங்கம்.
நான்காம் பக்கத்தில்
ஒன்றே முக்கால் விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவாக
இருக்கிறேன்.

"சம்பளம் எம்புட்டு?"

படிவத்தில் அதற்குப் பத்தி கிடையாது.
ஒன்பதாயிரம் என்றேன்.
பீவி கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது.

"முப்பத்தாறாயிரம் பீடி."

குறையாகச் சொல்லவில்லை அவர்.
தன் ஊர்த் தூரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.
இரண்டு வருடமாக வாங்குகிற சம்பளத்தை
அன்றைக்குத்தான் நான் எண்ணிப் பார்த்தேன்.

"இதை எழுதித் தருவியளா?"

கையேட்டின் பின்னட்டையில்,
சிரிக்கும் நான்கு மாணவர்களுக்குக் கீழே
இடம் இருந்தது. எழுதினேன்.
எனக்குத் தெரியாத பதினாறு பேரைத்
தெரியாது என்றே எழுதினேன்.
முத்திரை கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.
வைக்கவில்லை. என் கையெழுத்து,
பக்கத்தில் என் பழைய பதிவு எண்.

ரிஸ்வானா அப்போதுதான் வாய் திறந்தாள்.
"இடையில நின்னுட்டா கட்டுன பணம்
எத்தனை நாள்ல திரும்ப வரும்க்கா?"
"எழுதியிருக்கறது பதினஞ்சு நாள்," என்றேன்.
'எழுதியிருக்கறது' என்ற சொல்லை
அவள் பிடித்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

தாளைக் கிழித்து நாலாக மடித்து
பி.எஃப். புத்தகத்துக்குள் வைத்தார் பீவி.
பை வாய் மூடியபிறகும்
அறையில் புகையிலை வாசம் இருந்தது.
சேரப்போகிறார்களா என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
கேட்பதும் என் வேலைதான், அதற்கொரு நோட்டு உண்டு.

இன்டர்காம் அடித்தது.
"நாலாம் பக்கம் ஏத்தியாச்சா பேச்சி?"

"இல்ல சார்.
ஒரு பத்தி குறையுது."