நான்காவது ரொட்டி

திபிலிசி விடுதியில் ஆறு மாதம்
நூடுல்ஸ் தின்று மரத்த நாக்கு.
தெமூர் மாமாவின் பழைய ஓப்பலை நான் ஓட்ட,
பக்கத்தில் அம்மா
இல்லாத பிரேக்கை மிதித்தபடி.

சுராமியில் சாலையோரப் பெண்கள்
கையசைத்து நிறுத்தினார்கள்.
மண்ணடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த நாசுக்கி:
கிராம்பு, பட்டை, உலர்திராட்சை.
நான்கு வாங்கினோம், அப்பாவுக்கும் சேர்த்து.

சுரங்கப்பாதை வருமுன்
ஒன்றுதான் மிச்சம்.
ஸ்டியரிங் முழுக்கப் பிசுபிசுப்பு.

"பரீட்சை?"
"ஒன்றில் போச்சு."
லாரி ஒன்று ஹாரன் அடித்து முந்திப் போனது.

கடைசி ரொட்டியைப் பிய்த்து
என் வாயில் திணித்தாள்.
"அப்பாவிடம் சொல்லிவிடாதே."

எதை என்று கேட்கவில்லை.
வாய் நிறைய ரொட்டி,
எதிரே மேடு.
இரண்டாம் கியர்.